சூப்பர் மிடில்வெயிட்டில் யார் பெரியவர்? வாதம் சறுக்கும் இடங்கள்

ஜோ கால்ஸாகியா, ஆண்ட்ரே வார்டா, ராய் ஜோன்ஸா, கனெலோ அல்வாரெஸா? குத்துச்சண்டையின் சூப்பர் மிடில்வெயிட், அதாவது 168 பவுண்டு (76.2 கிலோ) பிரிவைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த நாலு பேரைச் சுற்றித்தான் சண்டை. கவனித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த எடையில் அதிகம் சாதித்தவர் யார் என்பது ஒருவரின் கேள்வி. உச்சத்தில் இருந்த நாளில் மோதவிட்டால் யார் ஜெயிப்பார் என்பது மற்றவரின் கேள்வி. முதலாவதற்குக் கால்ஸாகி, இரண்டாவதற்கு ராய் ஜோன்ஸ் என்று ஒரே ஆள் சொல்லலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. எந்தக் கேள்வி என்று பேசி முடிக்காமல் பட்டியல் போட உட்காருவதுதான் முதல் தவறு. இங்கே சாதனைக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அப்படியானால் 168-ல் நடந்தது மட்டும்தான் கணக்கு. கால்ஸாகி 2008-ல் ஹாப்கின்ஸையும் ராய் ஜோன்ஸையும் வென்றது அடுத்த மேல் பிரிவான 175 பவுண்டில். வார்டு கோவலேவை இரண்டு முறை வென்றதும் அங்கேதான். கனெலோ 2022-ல் பிவோலிடம் தோற்றதும் அதே எடை என்பதால், அதைக் காட்டி 168 பட்டியலில் அவரை இறக்கக் கூடாது. இந்த விதியை ஒழுங்காகப் பிடித்தால் அதிகம் பாதிக்கப்படுபவர் ராய் ஜோன்ஸ். 1994 நவம்பரில் ஜேம்ஸ் டோனியை மூன்று ஜட்ஜ்களின் கார்டிலும் 119-108, 118-109, 117-110 என்று துவைத்தெடுத்தது இந்தப் பிரிவின் மிகச் சிறந்த ஒற்றை ஆட்டம் என்றே சொல்லலாம். ஆனால் அதற்குப் பின் அவர் இங்கே இருந்தது சுமார் இரண்டு வருடம். பட்டத்தைத் தக்கவைத்தது ஐந்து முறை. அந்த ஐவரில் ஒருவரான பசியென்ஸா, லைட்வெயிட்டில் சாம்பியனாக இருந்து படிப்படியாக ஏறி வந்தவர்.

பழைய ஜாம்பவான்களை இழுத்து வருவதும் வீண் வேலை. உலகப் பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகளில் முதலாவதாக ஐபிஎஃப் இந்த எடைக்குப் பட்டம் கொடுத்ததே 1984-ல்தான். முதல் சாம்பியன் முர்ரே சதர்லேண்ட். டபிள்யூபிஏ 1987-லும், டபிள்யூபிசியும் டபிள்யூபிஓவும் 1988-லும் பின்தொடர்ந்தன. சுகர் ரே ராபின்சன் 168-ல் எப்படி ஆடியிருப்பார் என்பது கற்பனை. சுவையான கற்பனைதான், ஆனால் பட்டியலில் அதற்கு இடமில்லை.

அதிகம் பேர் விழும் குழி, பட்டத்தை எத்தனை முறை தக்கவைத்தார் என்ற எண்ணிக்கை. கால்ஸாகி 21 முறை. ஜெர்மனியின் ஸ்வென் ஓட்கேயும் 21 முறை. இருவருமே தோல்வி காணாமல் ஓய்வு பெற்றவர்கள்; ஒரே காலத்தவர்கள். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் இருவரும் சமம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இருவருக்கும் பொதுவான எதிராளிகளை எடுத்துப் பாருங்கள். சார்லஸ் பிரூவரை ஓட்கே 1998-லும் 2000-லும் வென்றார். இரண்டு முறையும் ஜட்ஜ்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து கொடுத்த தீர்ப்பு. அதே பிரூவரை 2002-ல் கால்ஸாகி மூன்று ஜட்ஜ்களின் கார்டிலும் வென்றார். பைரன் மிட்செலை ஓட்கே 2003 மார்ச்சில் பிரிந்த தீர்ப்பில்தான் தாண்டினார். மூன்று மாதம் கழித்துக் கார்டிஃபில் அதே மிட்செல் கால்ஸாகியைக் கீழே தள்ளினார். எழுந்து வந்த கால்ஸாகி இரண்டாவது ரவுண்டிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டார். ராபின் ரீடு மட்டும் வேறு கதை சொல்கிறார். கால்ஸாகியே 1999-ல் அவரிடம் திணறி, பிரிந்த தீர்ப்பில்தான் தப்பினார். ஓட்கே 2003 டிசம்பரில் ரீடை வென்ற ஆட்டமோ, ரெஃப்ரி நடந்துகொண்ட விதத்துக்காக இன்றும் பேசப்படுகிறது. 21 என்ற எண்ணுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

எந்த ஊரில் ஆடினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கால்ஸாகியின் 21-ல் பிரிட்டனுக்கு வெளியே நடந்தவை இரண்டுதான்: கோபன்ஹேகனில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று. வார்டு 168-ல் ஆடிய உலகப் பட்டப் போட்டிகள் எல்லாமே அமெரிக்காவில்தான்.

பெல்ட் விஷயத்தில் சொற்களைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். 2007 நவம்பரில் டென்மார்க்கின் மிக்கேல் கெஸ்லரை வென்ற கால்ஸாகி நான்கு அமைப்புகளின் பெல்ட்டையும் வைத்திருந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. 2006-ல் அமெரிக்காவின் ஜெஃப் லேசியிடமிருந்து வாங்கிய ஐபிஎஃப் பெல்ட்டை, கட்டாயப் போட்டியாளரைச் சந்திக்காமல் அதற்கு முந்தைய ஆண்டே கைவிட்டிருந்தார். கெஸ்லர் ஆட்டம் நடந்தபோது அது லூசியன் பூட்டேயிடம் இருந்தது. நான்கையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் ஆள் கனெலோதான். 2020 டிசம்பரில் காலம் ஸ்மித், 2021-ல் சாண்டர்ஸ், நவம்பரில் பிளான்ட் என்று பதினோரு மாதத்துக்குள் முடித்தார். அதே கனெலோ 2018-ல் ராக்கி ஃபீல்டிங்கிடம் வாங்கியது டபிள்யூபிஏவின் 'ரெகுலர்' பெல்ட், அதாவது இரண்டாம் நிலைப் பட்டம். 'சூப்பர்' சாம்பியன் அப்போது காலம் ஸ்மித். ஃபீல்டிங் ஆட்டத்தை உலகப் பட்ட வெற்றியாக எண்ணினால் கணக்கு ஊதிப்போகும்.

எதிராளியைப் பின்னால் நடந்ததை வைத்து மதிப்பிடுவது இன்னொரு கோளாறு. 'லேசி சும்மா ஆள்' என்று இப்போது சொல்வது சுலபம். 2006 மார்ச்சில் மான்செஸ்டரில் ரிங்குக்குள் வந்தபோது அவர் தோல்வியே காணாத ஐபிஎஃப் சாம்பியன். பந்தயக்காரர்கள் பலர் அவர் பக்கம்தான். அந்த இரவு 119-105, 119-107, 119-107 என்று நொறுங்கிய பிறகுதான் அவர் சரிந்தார். மறுபக்கம், கெஸ்லர் கால்ஸாகியிடம் தோற்ற பிறகும் 2010-ல் பிரிட்டனின் கார்ல் ஃபிராச்சை வென்றார். ஆகவே ஒவ்வொரு வெற்றிக்கும் மூன்று விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: அன்றைய தேதியில் எதிராளியின் ரெக்கார்டு, அவர் வயது, எந்த எடையிலிருந்து வந்தார்.

அந்த மூன்றாவது விவரம் முக்கியம். 2012-ல் வார்டு பாதியிலேயே ஆட்டத்தை முடித்து வென்ற சாட் டாசன் 175-லிருந்து இறங்கி வந்தவர். அந்த டாசனை முழு டாசனாக எண்ணக் கூடாது. 1988-ல் சுகர் ரே லெனார்டு வென்ற லலோண்டும் அப்படித்தான்: லலோண்டின் 175 பவுண்டுப் பட்டம் பணயத்தில் இருந்தும், எடைவரம்பு 168 என்று வைத்தார்கள். கீழிருந்து ஏறி வருபவருக்கும் இதே அளவுகோல். 2023-ல் கனெலோ வென்ற ஜெர்மல் சார்லோ 154-ல் ஆடியவர் என்று அந்த வெற்றியைக் குறைத்துப் பேசினால், 154-லிருந்து வந்து 2025 செப்டம்பரில் கனெலோவையே வென்ற டெரன்ஸ் கிராஃபோர்டுக்கு அதற்கேற்பக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பவர்களோடு பேசிப் பயனில்லை.

ஸ்கோர் கார்டை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2011-ல் 'சூப்பர் சிக்ஸ்' தொடரின் வார்டு - ஃபிராச் இறுதிப் போட்டியில் வார்டுக்கு இரண்டு ஜட்ஜ்கள் 115-113, ஒருவர் 118-110 கொடுத்தார்கள். எண்ணைப் பார்த்தால் நெருக்கமான ஆட்டம். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பலருக்கு 118-110தான் சரியாகப் பட்டது. வர்ணனையை ஒலியடக்கிவிட்டு ரவுண்டு ரவுண்டாக நீங்களே போட்டுப் பாருங்கள்: ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, ஒரு முறை விழுந்தால் 8. எந்தப் பக்கமும் போகக்கூடிய ரவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். குறி போட்ட அந்த ரவுண்டுகள் மாறினால் முடிவும் மாறுமா என்று பார்த்தாலே போதும்.

தோல்வியே இல்லாத ரெக்கார்டின் மேல் உள்ள மோகத்தால் அதிகம் நஷ்டப்பட்டவர் கார்ல் ஃபிராச். 2008 டிசம்பர் முதல் 2012 மே வரை அவர் வரிசையாகச் சந்தித்தவர்கள்: பாஸ்கல், ஜெர்மைன் டெய்லர், டிரெல், கெஸ்லர், ஆபிரகாம், கிளென் ஜான்சன், வார்டு, பூட்டே. நடுவில் தேற்றிக்கொள்ள ஒரு சுலபமான ஆட்டம்கூட இல்லை. கெஸ்லரிடம் டென்மார்க்கில் தோற்றார், வார்டிடம் அட்லாண்டிக் சிட்டியில் தோற்றார். டெய்லரை அமெரிக்காவிலும் ஆபிரகாமை ஹெல்சிங்கியிலும் போய் வென்றார். டெய்லர் ஆட்டத்தில் மூன்றாவது ரவுண்டில் விழுந்து, இரண்டு கார்டுகளில் பின்தங்கியிருந்தவர், கடைசி ரவுண்டு முடிய 14 வினாடி இருக்கும்போது ரெஃப்ரியை நிறுத்த வைத்தார். இரண்டு தோல்வி இருக்கிறது என்பதற்காக இவரை ஓட்கேக்குக் கீழே வைக்கும் பட்டியலைப் படிக்கவே தேவையில்லை.

நடக்காத ஆட்டங்களை யாருடைய கணக்கிலும் ஏற்றாதீர்கள். கால்ஸாகி 2008-ல் டபிள்யூபிசி பட்டத்தை விட்டுவிட்டு எடை ஏறினார். காலியான அந்தப் பட்டத்தை பாஸ்கலை வென்று எடுத்தவர் ஃபிராச். இதைக் கால்ஸாகி ஃபிராச்சுக்குப் பயந்த கதையாகச் சொல்வார்கள். கனெலோவும் டேவிட் பெனவிடெஸும் மோதாத விஷயத்திலும் இதே பேச்சு. பெனவிடெஸ் 168-ல் ரிங்குக்குள் தோற்றதே இல்லை என்பது உண்மை. இரண்டு முறை பெல்ட்டை இழந்ததும் வெளியேதான்: 2018-ல் போதைமருந்துச் சோதனையில், 2020-ல் எடைமேடையில். அந்த இரண்டையும் மறைத்துவிட்டு, கனெலோ தவிர்த்தார் என்பதை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.