பணம் கட்டுமுன் மூன்று விசைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடையில் பிள்ளைக்கு விண்டோஸ் மடிக்கணினி வாங்குகிறீர்களா? பணம் கட்டுமுன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி பாருங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’ என்றிருந்தால் ரேம் (கணினி ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) செருக ஓர் இடம் காலி. இப்போதைக்கு 8 ஜிபி போதும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வகுப்புக்குப் போகும்போது இன்னொரு 8 ஜிபி ரேம் செருகிக்கொள்ளலாம். பத்து குரோம் பக்கங்களோடு கூகுள் மீட்டும் ஓடினால் பெரும்பாலும் முதலில் திணறுவது ரேம்தான். கடைக்காரர் என்னவோ ஐ7 பிராசசர் ஸ்டிக்கரைத்தான் காட்டுவார்!

‘ஃபார்ம் ஃபேக்டர்’ வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் ரேம் போர்டோடு பற்றவைத்தது. அந்தக் கணினியில் அப்புறம் செருகலாம் என்ற கணக்கை நம்ப வேண்டாம், 16 ஜிபியாகவே வாங்குங்கள். மேக்புக், குரோம்புக்குக்கும் இது பொருந்தாது.