பின்னிரவு டிவி ஜாஸ்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்க டிவி ஜாஸ் வீடியோக்களைத் தேடுபவர்கள் அதிகம் செய்யும் தவறு, பதிவேற்றியவர் போட்ட தலைப்பை அப்படியே நம்புவது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் 'சோ வாட்' வாசிக்கும் கருப்பு வெள்ளை வீடியோவை எடுத்துக்கொள்வோம். ஒளிபரப்பானது 1960 ஜூலையில். ஸ்டூடியோவில் பதிவானது 1959 ஏப்ரல் 2 அன்று. ஓர் ஆண்டுதானே என்று விட்டுவிட முடியாது. அந்தப் பாட்டு இடம்பெற்ற 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டு நாள் நடந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் எடுத்த வீடியோ இது. ஆல்பமே அப்போது கடைக்கு வரவில்லை. ஒளிபரப்பு ஆண்டை மட்டும் பார்த்தால், எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத் திரும்ப வாசிப்பதாகத் தோன்றும். மைல்ஸ் குழுவின் இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியைக் காணோமே, குழுவை விட்டுப் போய்விட்டாரா என்றும் சிலர் கேட்கிறார்கள். அன்று அவருக்கு ஒற்றைத் தலைவலி, அவ்வளவுதான்.

அடுத்தது, பழைய டிவி ஜாஸ் என்றாலே பின்னிரவுக் கணக்கில் சேர்ப்பது. பாடகி பில்லி ஹாலிடே 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடிய 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்', 1957 டிசம்பர் 8, ஞாயிறு மாலை சிபிஎஸ் டிவியில் வந்தது. அதே பெயரில் உள்ள எல்பி இசைத்தட்டு அந்த ஒளிபரப்பு அல்ல, நாலு நாள் முன்பு எடுத்த பதிவு. லெஸ்டர் யங் சாக்ஸஃபோன் வாசிக்கும்போது பில்லியின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமென்றால் வீடியோதான் வழி.

ஒரே நேரத்தில் பல சாக்ஸஃபோன்களை வாசித்த ராசான் ரோலண்ட் கர்க்கை வெறும் விசித்திர மனிதராகப் பார்ப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. டிவி கறுப்பின ஜாஸ் கலைஞர்களை ஒதுக்குகிறது என்று 1970இல் அவரும் டிரம்பெட் கலைஞர் லீ மார்கனும் மற்றவர்களும் மெர்வ் கிரிஃபினின் பின்னிரவு நிகழ்ச்சிப் பதிவுக்குள் புகுந்து, விசில் அடித்து அதை நிறுத்தினார்கள். 1971 ஜனவரியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் (அது இரவு எட்டு மணி நிகழ்ச்சி) கர்க்குக்கு இடம் கிடைத்தது. ஸ்டீவி வொண்டர் பாட்டு வாசிப்பதாகப் பேச்சு. பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ், சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப் சகிதம் வந்தவர், மிங்கஸின் 'ஹெய்தியன் ஃபைட் சாங்'கை வெளுத்து வாங்கிவிட்டார். முன்கதை தெரியாமல் பார்த்தால் அது வெறும் கூத்தாகத்தான் தெரியும்.

'சாட்டர்டே நைட் லைவ்' என்ற பின்னிரவு நகைச்சுவை நிகழ்ச்சியில் 1979 ஏப்ரலில் வந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மேனிடம் இருபது ஆண்டு முந்தைய குழுவின் ஒலியை எதிர்பார்க்காதீர்கள். அப்போது அவரோடு இருந்தது எலெக்ட்ரிக் கிதார்களுடன் கூடிய பிரைம் டைம் குழு.

அப்புறம், முன்பகுதியை ஓட்டிவிடும் பழக்கம். 1989இல் 'நைட் மியூசிக்' என்ற பின்னிரவு இசை நிகழ்ச்சியில் பாடகர் லியோனார்ட் கோஹன் 'ஹூ பை ஃபயர்' பாடியபோது, தொடக்கத்தில் சன்னி ரோலின்ஸ் தனியாக சாக்ஸஃபோன் வாசிப்பார். கோஹனின் குரலுக்காக அதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அந்த நிகழ்ச்சியின் உயிரே இப்படிச் சம்பந்தமில்லாதவர்களைச் சேர்த்து வைப்பதில்தான் இருந்தது. துண்டு வீடியோவை விட்டு முழு எபிசோடைத் தேடுங்கள். முதல் சீசன் 'சண்டே நைட்' என்ற பெயரில் வந்தது. இரண்டு பெயரிலும் தேட வேண்டும், தொகுப்பாளர் டேவிட் சான்பார்ன் பெயரையும் சேர்த்து.