வெளியுறவுத் துறை அமைச்சர் பதவியைப் படிப்பது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர், இந்தியாவின் வெளியுறவுத் துறை அமைச்சர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் பதவியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. எந்தவொரு வெளியுறவு நிகழ்வை எடுத்துக்கொண்டாலும், முடிவெடுத்தவர் யார், கையெழுத்திட்டவர் யார், நாடாளுமன்றத்தில் பதில் சொன்னவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகினால்தான் பதவியின் உண்மையான அளவு புலப்படும்.

முதலில் ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒன்றில் பிரதமரையும் மற்றொன்றில் வெளியுறவுத் துறை அமைச்சரையும் ஆண்டுவாரியாக எழுதுங்கள். 1946 செப்டம்பர் 2 அன்று அமைந்த இடைக்கால அரசில் இத்துறையை ஏற்ற நேரு, 1964 மே 27 அன்று மறையும்வரை அதை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஆகவே, ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு இரண்டு பத்திகளிலும் ஒரே பெயர்தான் வரும். 1964 ஜூலையில் லால் பகதூர் சாஸ்திரி இத்துறையை ஸ்வரண் சிங்கிடம் கொடுத்த பிறகுதான் இது தனி அமைச்சரின் பொறுப்பாயிற்று. அதன் பின்னரும் இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி, மன்மோகன் சிங் போன்ற பிரதமர்கள் சில காலம் இதைத் தம்மிடமே வைத்திருந்தனர். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ராஜீவ் காந்தியே வெளியுறவுத் துறைக்கும் பொறுப்பாளர் என்பதை இந்தத் தாள் உடனே காட்டிவிடும்.

துறையின் முன்வரலாற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1783இல், கல்கத்தாவில் உருவாக்கப்பட்ட ஒரு துறையே இதன் வேர் என்பதும், விடுதலையின்போது காமன்வெல்த் உறவுகளையும் பெயரில் தாங்கியிருந்த இந்த அமைச்சகம் 1949இல் இன்றைய பெயரைப் பெற்றது என்பதும் தெரிந்தால் போதும்.

அடுத்து, ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். தமிழ் வாசகர்களுக்கு, கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிய ஒப்பந்தத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. 1974 ஜூன் 26 அன்று கொழும்பில் சிரிமாவோ பண்டாரநாயக்கவும், ஜூன் 28 அன்று புதுதில்லியில் இந்திரா காந்தியும் அதில் கையெழுத்திட்டார்கள். அதாவது இரு பிரதமர்கள். ஆனால், 1974 ஜூலை 23 அன்று மக்களவையில் எழுந்து நின்று விளக்கம் அளித்தவர் அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சரான ஸ்வரண் சிங். முடிவு ஒருவருடையதாகவும் அதற்கான விளக்கம் மற்றொருவருடையதாகவும் இருப்பது இப்பதவியில் திரும்பத் திரும்பக் காணக்கூடிய ஒன்று.

இனி இந்தியாவும் இலங்கையும் பரிமாறிக்கொண்ட, 1976 மார்ச் 23ஆம் நாளிட்ட கடிதங்களைப் பாருங்கள். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்கிறது. 1976 கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர்கள் மற்ற நாட்டின் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. இராமேசுவரம் மீனவர்களின் வாழ்வை இவ்வளவு ஆழமாகத் தொட்ட அந்தக் கடிதங்களில் கையெழுத்திட்டவர்கள் பிரதமர்களும் அல்லர், அமைச்சர்களும் அல்லர். இரு நாடுகளின் வெளியுறவுச் செயலர்கள். அமைச்சர் அரசியல் பொறுப்பாளர், செயலர் துறையின் தலைமை அதிகாரி என்ற வேறுபாடு இந்த இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். இவ்விரு பதவிகளையும் வகித்த எஸ். ஜெய்சங்கரின் பாதையையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம். 2015 முதல் 2018 வரை செயலராக இருந்த அவர், 2019 மே 30 அன்று அமைச்சரானபோது நாடாளுமன்ற உறுப்பினராக இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 75(5) பிரிவு தரும் ஆறு மாத அவகாசத்துக்குள், அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கையெழுத்தின் மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். இலங்கையில் விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் வெளிவிவகாரம் பிரதமரின் பொறுப்பாகவே இருந்தது. 1970களின் இறுதியில் ஏ.சி.எஸ். ஹமீது வந்த பிறகே அதற்குத் தனி அமைச்சர் அமைந்தார். இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு செய்த 1964 உடன்பாட்டின்போதும், இலங்கையின் வெளிவிவகாரப் பொறுப்பு பிரதமர் சிரிமாவோவிடமே இருந்தது.

சட்டத்தைப் படிக்கும்போது இரண்டு வழக்குகளிலிருந்து தொடங்குவது நல்லது. 1919இல் நார்வேயின் வெளியுறவு அமைச்சர் இலென், கிரீன்லாந்து குறித்த டென்மார்க்கின் திட்டத்துக்குத் தம் நாடு இடையூறு செய்யாது என்று டென்மார்க் தூதரிடம் வாய்மொழியாகச் சொன்னார். அந்தச் சொல் நார்வேயைக் கட்டுப்படுத்தும் என்று 1933இல் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் அமைச்சரின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கை நான் அறியேன். மற்றொன்று 1960ஆம் ஆண்டின் பேருபாரி வழக்கு. இந்திய நிலப்பகுதியை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புச் சட்டத் திருத்தம் தேவை என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கதேசத்துடன் நிலப்பகுதிகளைப் பரிமாறிக்கொள்ள 2015இல் நூறாவது திருத்தம் கொண்டுவரப்பட்டது இதனால்தான். அந்த மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றியவர் அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ். கச்சத்தீவுக்கு அத்தகைய திருத்தம் வரவில்லை. அது உரிமை முடிவாகாத தீவு என்பதால், இந்திய நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதே ஒன்றிய அரசின் வாதம். இந்த வாதத்தை ஏற்கிறீர்களோ மறுக்கிறீர்களோ, பேருபாரி தீர்ப்பைப் படித்த பிறகே அந்த நிலைப்பாட்டுக்கு வாருங்கள்.

கடைசியாக, நாடாளுமன்ற இணையதளங்களில் வெளியுறவுத் துறையின் பதில்களைத் தேடிப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் வரும். துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்து வடிவில் மட்டுமே பதில் கிடைக்கும். கைதான மீனவர்கள் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் தரப்பட்ட பதில்களைத் தேதி வரிசையில் அடுக்கி, எந்தச் சொற்றொடர் மாறாமல் வருகிறது, எது திடீரென மறைகிறது என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள்.