மாடல் ஏ-க்குள் ஒரு ரொட்டி வேன் டீசல்

பழைய ஃபோர்ட் மாடல் ஏ காரில் செவ்ரோலே 350 வி8 எஞ்சின் போடப் போகிறவர்களுக்கு என் உதவி தேவையில்லை. அதற்கு மவுண்ட் முதல் சைலன்சர் வரை எல்லாம் ரெடிமேடாகவே கிடைக்கிறது. நான் சொல்லப்போவது 1928–31 ஃபோர்ட் மாடல் ஏ-க்குள் கம்மின்ஸ் 4பிடி எஞ்சினை உட்கார வைப்பது பற்றி. 3.9 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ டீசல். அமெரிக்காவில் ரொட்டியும் சிப்ஸும் கடைகடையாகப் போட்டுவந்த பெட்டி வேன்களில் இருந்த எஞ்சின் இது.

பழைய காரில் டீசலா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் வருவார்கள். நான் இண்டியானாவில் இருப்பதால் பதில் கைவசம் இருக்கிறது. 1931 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கம்மின்ஸ் டீசல் வைத்த டியூசன்பெர்க் கார் ஒன்று, 500 மைலையும் ஒருமுறைகூட பிட்டில் (எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடம்) நிற்காமல் ஓடி 13-வதாக வந்தது. மாடல் ஏ தயாரிப்பில் இருந்த அதே வருடம். டீசல் இந்தக் காலத்துக்கு அந்நியம் ஒன்றுமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். எல்லோரும் முதலில் எஞ்சினைத் தேடிப் போவார்கள். நீங்கள் முதலில் டயரையும் பின் ஆக்ஸிலையும் முடிவு செய்யுங்கள். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றோடு நின்றுவிடும், அதற்கு மேல் போக வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் விடாது. இழுவை உச்சத்துக்கு வருவது 1600 சுற்றுக்கு அருகில். அதனால் கணக்கு தப்பினால் ஹைவேயில் லாரிகள்கூட உங்களை முந்திப் போகும்.

கணக்கு எளிது. வேகத்தை (மணிக்கு எத்தனை மைல்) 336-ஆல் பெருக்கி, அதை ஆக்ஸில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் எஞ்சின் சுற்று கிடைக்கும். 31 அங்குல டயர், 4.11 ஆக்ஸில், ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) இல்லாத, அதாவது மேல் கியர் விகிதம் 1 ஆக இருக்கும் கியர்பாக்ஸ் என்று வைத்துப் பாருங்கள்: 60 மைலுக்கு 2670 சுற்று வேண்டும். அதாவது அந்தக் கார் 60-ஐத் தொடவே தொடாது. அதே டயருக்கு 3.50 ஆக்ஸிலும் 0.73 ஓவர்டிரைவும் போட்டால் 60 மைலில் 1660 சுற்றுதான். நான் ஃபோர்ட் 9 அங்குல ஆக்ஸிலும் என்வி4500 ஐந்து கியர் பெட்டியும் சொல்வது இதற்காகத்தான். கியர்பாக்ஸ் கனம்தான், ஆனால் இந்த டீசலின் இழுவையைத் தாங்கும்.

எஞ்சின் வாங்கும்போது அதைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் தட்டு, பிளைவீல், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். பிறகு தனித்தனியாகத் தேடினால் எஞ்சின் விலைக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முன்பக்க டைமிங் கவரைக் கழற்றி, கியர் கேஸில் இருக்கும் சின்ன டவல் பின்னைப் (பாகங்களை நேராகப் பொருத்தும் இரும்பு முளை) பாருங்கள். இதற்கு ‘கில்லர்’ என்றே பட்டப்பெயர் உண்டு. கழன்று கியருக்குள் விழுந்தால் எஞ்சின் காலி. அது வெளியே வராமல் ஒரு சின்னத் தகட்டை போல்ட்டில் பிடித்துவிட்டால் போதும்.

அடுத்தது எடை. மாடல் ஏ காரே மொத்தம் ஒரு டன்தான் வரும். இந்த எஞ்சின் மட்டும் சுமார் 340 கிலோ. பழைய சேசிஸ் மெல்லிய ‘சி’ வடிவச் சட்டம், அது முறுக்கிக்கொள்ளும். அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். 2×4 அங்குலச் செவ்வகக் குழாயில், 3/16 அங்குலத் தடிப்பில், புதுச் சட்டம் செய்யுங்கள். எஞ்சினை முடிந்தவரை பின்னால் தள்ளி வையுங்கள்; ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்ளே உட்காருமிடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) வெட்டி உள்ளே இறக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. எஞ்சின் உயரமும் தொந்தரவு தரும். கீழே சம்ப் (ஆயில் தொட்டி) தரையைத் தொடக் கூடாது, மேலே தலை நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. பானட் இல்லாமல் விடுவதுதான் என் கட்சி. இவ்வளவு இரும்பை எதற்கு மூடி வைப்பது?

ஐடிலில் இது உலுக்கி எடுக்கும். அதிர்வை அடக்கும் பாலன்ஸ் ஷாப்ட் கிடையாது. கெட்டியான மவுண்ட் போட்டால் ஹெட்லைட்டிலிருந்து உங்கள் பல் வரை எல்லாம் ஆடும். வேனிலிருந்த தடித்த ரப்பர் மவுண்ட்டுகளையே வையுங்கள்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மாடல் ஏ-யில் இருந்தது கம்பி இழுக்கும் பிரேக். ஃபோர்ட் ஹைட்ராலிக்குக்கு வந்ததே 1939-ல்தான். முன்னால் டிஸ்க் போடுங்கள். டீசலில் வாக்குவம் கிடைக்காது என்பதை மறந்து, வாக்குவத்தால் பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரை வாங்கிவிடாதீர்கள். பூஸ்டர் இல்லாத மாஸ்டர் சிலிண்டரே போதும், மிதி நெம்புகோலை மட்டும் நீளமாக வையுங்கள்.

வயரிங் பெரிய விஷயமில்லை. ரோட்டரி டீசல் பம்ப் உள்ள எஞ்சின் என்றால், டீசலைத் திறந்து மூடும் அதன் சாலினாய்டுக்கு 12 வோல்ட் ஒரு வயர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர். அவ்வளவுதான். ஆர்சி சமாச்சாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எதையும் வெட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் பில்டர் மாட்டாதீர்கள். டர்போவின் வாயை மூடும் அளவுக்கு ஒரு பிளைவுட் துண்டை வெட்டி, பக்கத்தில் ஒரு ஆளிடம் கொடுத்து நிற்க வையுங்கள். டர்போ சீல் கசிந்து எஞ்சின் தன் ஆயிலையே எரிக்க ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் மட்டும் அடைக்கப் போகாதீர்கள்.