கனடா குடியுரிமை விண்ணப்பம்: ஐந்து வருடப் பயணத் தேதிகளைத் திரட்டுவது எப்படி?

சிட்டிசன்ஷிப் என்றதும் எல்லாரும் தேர்வைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். எனக்குத் தேர்வுக்குப் படிக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. கடந்த ஐந்து வருடத்தில் எந்தெந்தத் தேதியில் கனடாவை விட்டுப் போனோம், எப்போது திரும்பினோம் என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம் பிடித்தது. சாப்பாட்டு மேசையில் நாலு பாஸ்போர்ட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, "2022ல ஊருக்குப் போனது ஜூலை பத்தா, பதினொண்ணா?" என்று நானும் மனைவியும் போட்ட சண்டையில் குழந்தைகள் வேறு அறைக்குப் போய்விட்டார்கள்.

சட்டம் கேட்பது இவ்வளவுதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் குறைந்தது 1,095 நாள் நீங்கள் கனடாவுக்குள் உடம்போடு இருந்திருக்க வேண்டும். 2017 அக்டோபர் 11 முதல் இதுதான் விதி. அதற்கு முன்பு ஆறு வருடத்தில் 1,460 நாள் என்று இருந்தது. அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து "நாலு வருஷம் வேணும் தம்பி" என்பார்கள். கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பி.ஆர். (நிரந்தரவாசி) கார்டைப் புதுப்பிக்கக் கேட்கும் 730 நாள் வேறு கணக்கு, இதோடு கலக்க வேண்டாம்.

பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த நாள் கணக்கு இல்லை. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டும். "நாங்க எப்பவும் சேர்ந்துதான் போவோம்" என்று ஒருவருடையதை மற்றவருக்கு நகல் எடுக்காதீர்கள். திரும்பி வரும்போது ஒருவர் ஒரு வாரம் தங்கி வந்திருப்பார். நம் வீடுகளில் அது கட்டாயம் நடந்திருக்கும்.

படி 1: கையெழுத்துப் போடும் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஐந்து வருடம் எங்கே தொடங்குகிறது என்பதை இந்தத் தேதிதான் தீர்மானிக்கிறது. 2025 மார்ச் 15 அன்று கையெழுத்து என்றால், உங்கள் காலம் 2020 மார்ச் 15 முதல் 2025 மார்ச் 14 வரை. நடுவில் 2024 லீப் வருடம் வருவதால் மொத்தம் 1,826 நாள். அதற்கு முன்னால் போன பயணம் எதுவும் உங்களுக்கு வேண்டாம். கணக்கை ஒரு தேதிக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்தை இன்னொரு தேதியில் போடக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 2: ஒரு வெற்று அட்டவணை

எக்செல் போதும், கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் போதும். கனடாவை விட்டுக் கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, போன நாடு, காரணம். இந்த நாலையும்தான் நாள் கணக்குப் போடும் அரசின் இணையக் கணிப்பான் கேட்கும். ஐந்தாவதாக 'ஆதாரம்' என்று ஒரு பத்தி உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதில் "போர்டிங் பாஸ்", "மின்னஞ்சல்", "ஞாபகம்" என்று உண்மையை எழுதுங்கள். "ஞாபகம்" என்று எத்தனை வரியில் இருக்கிறதோ, அத்தனை வரியில் உங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிப் பழகுங்கள். 05/07 என்பது நம் ஊர் டிக்கெட்டில் ஜூலை 5, அமெரிக்க டிக்கெட்டில் மே 7.

படி 3: தேதிகளைத் தோண்டி எடுங்கள்

பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எழுதினால் போதும் என்றுதான் நானும் தொடங்கினேன். போதாது. கனடாவில் கிளம்பும்போது குடிவரவு கவுன்ட்டர் கிடையாது, முத்திரையும் கிடையாது. திரும்பி வரும்போது டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பும், அதையும் வெளியே வரும் வழியில் வாங்கிக்கொள்வார்கள். ஆக, பாஸ்போர்ட்டில் மிஞ்சுவது சென்னையோ கட்டுநாயக்காவோ குத்திய முத்திரைகள் மட்டும். அவை அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த தேதியையும் அங்கிருந்து கிளம்பிய தேதியையும் சொல்லும். கனடாவை விட்ட தேதியைச் சொல்லாது.

என் வரி ஒன்றையே பாருங்கள். சென்னை வருகை முத்திரை ஜூலை 12. டிக்கெட்டில் டொராண்டோவில் கிளம்பியது ஜூலை 10, இரவு 10:55. சரி, ஜூலை 10 என்று எழுதிவிட்டேன். அப்புறம்தான் மனைவி கேட்டாள்: "ஏங்க, அன்னிக்கு ஃப்ளைட் லேட் ஆகி, பையன் தரையில படுத்துத் தூங்கலையா?" பழைய மின்னஞ்சலைத் தேடினால், விமான நிறுவனம் அனுப்பிய தாமத அறிவிப்பு இருந்தது. விமானம் எழும்பியது இரவு 1:20க்கு, அதாவது ஜூலை 11. ஒரு நாளில் கொஞ்ச நேரம் கனடாவில் இருந்தாலும் அது இருந்த நாளாகவே கணக்கு. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் உங்களுக்கே சொந்தம். எனவே கிளம்பிய தேதி ஜூலை 11. ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனால் அதிகாரியின் கையில் இருக்கும் தேதியோடு என் தேதி மோதாமல் இருக்க அது தேவைப்பட்டது.

திரும்பும்போதும் இதே வம்பு, தலைகீழாக. சென்னையில் விடிகாலை விமானத்துக்கு நள்ளிரவுக்கு முன்பே குடிவரவைத் தாண்டியிருந்தால் முத்திரை ஆகஸ்ட் 13 என்று காட்டும். விமானம் கிளம்பியது 14, டொராண்டோவில் இறங்கியதும் அதே 14, பிற்பகலில். நீங்கள் எழுத வேண்டியது 14.

முத்திரைக்கு அடுத்தபடி மின்னஞ்சல். தேடும்போது உங்கள் பெயரை மட்டும் போடாதீர்கள். நம் பெயர்களை விமான நிறுவனங்கள் படுத்தும் பாடு தெரிந்ததுதானே? அப்பா பெயர் குடும்பப் பெயராகி, உங்கள் பெயர் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். "இ-டிக்கெட்", "ஐடினரரி", விமான நிலையக் குறியீடுகள் என்று தேடினால் கிடைக்கும். டிராவல் ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவரிடமே கேளுங்கள். 2020 நவம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை விமானத்தில் வந்த எல்லாரும் அரைவ்கேன் என்ற கோவிட் காலச் செயலியில் விவரம் நிரப்பினோம். அந்த ரசீது இன்னும் உங்கள் அஞ்சல் பெட்டியில் இருக்கலாம்.

எனக்கு அதிகம் உதவியது வாட்ஸ்அப் குடும்பக் குழு. "இறங்கிட்டோம்", "போர்டிங் ஆச்சு" என்று தேடினேன். ஐந்து வருடப் பயணமும் வரிசையாக வந்து நின்றது, அம்மாவின் "சாப்டீங்களா" உட்பட. போனில் உள்ள படங்களின் தேதியும் உதவும். கடன் அட்டை அறிக்கையில் விமான நிலையக் காபிக் கடை ஒன்று நிச்சயம் இருக்கும். இவை உங்களுக்குத் துப்பு கொடுக்கும் சாட்சிகள், அவ்வளவுதான். மேசையில் வைக்க வேண்டியது டிக்கெட்டும் போர்டிங் பாஸும்.

பழைய பாஸ்போர்ட்டை யாரும் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருடத்துக்குள் செல்லுபடியான எந்தப் பாஸ்போர்ட்டும், ரத்து முத்திரை குத்தியது உட்பட, கணக்கில் வரும். எல்லாவற்றையும் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உள்பட, கலரில் ஸ்கேன் செய்து வையுங்கள். பிறகு எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கையில் இருக்கும்.

படி 4: மறந்துபோன கார் பயணங்கள்

ஒன்டாரியோவில் இருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஐரோப்பாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நயாகரா கூட்டிப் போகிறோம். அப்படியே ரெயின்போ பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் போய், சாயங்காலம் திரும்பி வருகிறோம். ராச்செஸ்டர் பக்கத்து ரஷ் கோயிலுக்குக் காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு போய் இரவு வீடு வருகிறோம். பிட்ஸ்பர்க் பெருமாளைப் பார்க்க ஓர் இரவு தங்கல். இவை எதுவும் நம் மனதில் 'வெளிநாட்டுப் பயணம்' என்று பதிவதே இல்லை.

போன அன்றே திரும்பினால் கழிவது பூஜ்ஜியம் நாள். ஒருநாள் இரவு தங்கி மறுநாள் வந்தாலும் பூஜ்ஜியம்தான், இரண்டு நாளுமே உங்களுக்குச் சொந்தம் அல்லவா? "கழியாததை ஏன் எழுத வேண்டும்?" என்று விட்டுவிடாதீர்கள். எல்லையில் உங்கள் கார் கடந்தது பதிவாகியிருக்கும். பி.ஆர். உள்ளவர்கள் தரைவழியாகக் கடப்பதை 2013 முதலே இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. நான் விட்டது இப்படி ஒரு ரஷ் பயணத்தைத்தான். படி 6ல் அது எப்படிச் சிக்கியது என்று சொல்கிறேன்.

ஒரு சோதனை: 2020 மார்ச் 21க்கும் 2021 நவம்பர் 8க்கும் இடையில் சுற்றுலாவாகக் காரில் அமெரிக்கா போனதாக உங்கள் பட்டியலில் இருந்தால் வருடத்தைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். கோவிட்டுக்காகத் தரை எல்லை மூடிக் கிடந்த காலம் அது.

படி 5: கணக்கு

இது சுலபம். ஜூலை 11 கிளம்பி ஆகஸ்ட் 14 திரும்பினால், ஜூலை 12 முதல் 31 வரை 20 நாள், ஆகஸ்ட் 1 முதல் 13 வரை 13 நாள், ஆக நீங்கள் கனடாவில் இல்லாதது 33 நாள். இரண்டு தேதிகளையும் கழித்து, அதில் ஒன்றைக் குறைத்தால் போதும்.

பி.ஆர். ஆவதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ முறையான அனுமதியோடு இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள், அதிகபட்சம் 365 வரை. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலம் இதில் சேராது. பாதுகாப்புப் பெற்றவர், அதாவது அகதியாக ஏற்கப்பட்டவர், என்று தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் அரை நாள் கணக்கு.

உதாரணமாக, 2021 செப்டம்பர் 1 அன்று படிக்க வந்த ஒருவர் 2023 அக்டோபர் 1 அன்று பி.ஆர். ஆகிறார். இடையில் 760 நாள். மதுரைக்குப் போய் 30 நாள் கழிந்தால் 730, அதில் பாதி 365. இனி அவருக்கு வேண்டியது 730 முழு நாள். எங்கும் போகாமல் இருந்தால் 2025 செப்டம்பர் 30 அன்று தகுதி வந்துவிடும். பி.ஆர். ஆன பிறகு ஊருக்கு ஒரு 33 நாள் போனால் நவம்பர் 2 வரை தள்ளிப் போகும். பி.ஆருக்கு முன் போன நாள் அரை விலை, பின் போன நாள் முழு விலை.

1,095 தொட்ட மறுநாளே அனுப்ப வேண்டாம். அரசே கூடுதலாகச் சில நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு தேதி தவறினால் மொத்த விண்ணப்பமும் போய்விடும். நான் 40 நாள் கூடுதலாக வைத்தேன்.

இதே மேசையில் இன்னொன்றையும் பாருங்கள்: கடந்த நாலு வருடத்தில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாளோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். அது வந்து சேர நாளாகும், முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 6: அரசிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்ணப்பத்தில் உங்கள் வருகைப் பதிவை எல்லைச் சேவை முகமையிடமிருந்து எடுக்க அனுமதி கேட்கிறார்கள். அவர்கள் பார்க்கப்போவதை நீங்கள் முதலில் பார்த்துவிடுங்களேன். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் 'டிராவலர் ஹிஸ்டரி ரிப்போர்ட்' வேண்டும் என்று அதே முகமையிடம் இணையத்தில் கேட்கலாம். கட்டணம் கிடையாது. 30 நாளில் தர வேண்டும், சில நேரம் கூடும். அதனால் இந்த வேலையைப் படி 1 முடித்த அன்றே போட்டுவிடுவது நல்லது. அமெரிக்கப் பயணங்களுக்கு அந்நாட்டு வருகைப் பதிவான ஐ-94 தளத்திலும் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

என் அறிக்கை வந்ததும் ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அநாதையாக நின்றது. என் பட்டியலில் அந்த மாதத்தில் எதுவுமே இல்லை. போனில் அந்தத் தேதியின் படங்களைத் திறந்தால், நெற்றி நிறையக் குங்குமத்தோடு பையன், பின்னால் ரஷ் கோயில் வாசல். ஒரு வரி சேர்த்தேன், கழிவு பூஜ்ஜியம்.

அறிக்கையில் தவறு இருக்கவும் கூடும், குறிப்பாகப் பாஸ்போர்ட் மாற்றிய சமயத்தில். உங்கள் போர்டிங் பாஸ் வேறு தேதி சொன்னால் போர்டிங் பாஸையே நம்புங்கள். ஏன் மாறுகிறது என்று ஒரு சின்ன விளக்கக் கடிதம் இணையுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

இலங்கையிலிருந்தோ வேறு எங்கிருந்தோ அகதியாக வந்து பி.ஆர். ஆனவர், அதே நாட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அங்கே போய் வந்திருந்தால், விண்ணப்பத்தைத் தொடும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். 2012ல் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அகதிக்கான பாதுகாப்பு நிலை ரத்தானால் அதோடு பி.ஆரும் போகலாம். "அந்த ஒரு பயணத்தை மட்டும் எழுதாமல் விட்டால் என்ன?" என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள். பொய்த் தகவல் என்று தெரிந்தால் விண்ணப்பம் போவதோடு ஐந்து வருடம் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

படி 7: நிரப்பி அனுப்புங்கள்

அட்டவணை தயாராக இருந்தால் கணிப்பானில் ஏற்றுவது அரை மணி நேர வேலை. ஏற்றும்போது ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டச்சு செய்யுங்கள். இரண்டு பயணத் தேதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முடிவுப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, ஆதாரங்களையும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். சந்தேகம் வந்தால் வாடகை ஒப்பந்தம், டி4 சம்பளச் சீட்டு, வரிக் கணிப்பு அறிக்கை, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு என்று நீண்ட கேள்விக்கொத்து அனுப்புவார்கள். அப்போது அந்தக் கோப்புறை கைகொடுக்கும்.

அனுப்பிய பிறகும் பட்டியலை மூடாதீர்கள். தேர்வு, நேர்காணல், உறுதிமொழி என்று மாதங்கள் ஓடும். அதற்குள் ஊரில் ஒரு கல்யாணமோ காரியமோ வந்துவிடும். நான் அனுப்பிய ஆறாவது வாரம் சித்தப்பா இறந்துவிட்டார். டிக்கெட் எடுத்த இரவே அட்டவணையில் அடுத்த வரியைத் திறந்தேன். திரும்பிய தேதிக் கட்டம் மட்டும் பன்னிரண்டு நாள் காலியாக இருந்தது.