பாலஸ்தீன அமைதிச் செய்திகளைப் படிக்கையில் சறுக்கும் இடங்கள்

ஒப்பந்தம் கையெழுத்தானால் பாலஸ்தீனர்களுக்கு நாடு கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் சறுக்கல். 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கிய படத்தைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அன்று கையெழுத்தான, ஒஸ்லோ ஒப்பந்தம் எனப்படும் ஆவணம் 'பாலஸ்தீன நாடு' பற்றி வாயே திறக்கவில்லை. அராஃபத் இஸ்ரேலின் இருப்புரிமையை ஏற்றுக் கடிதம் கொடுத்தார். ராபினின் பதில் கடிதம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பிரதிநிதியாக ஏற்றது, அவ்வளவுதான். ஜெருசலேம், அகதிகள், எல்லை, குடியேற்றங்கள் எல்லாவற்றையும் பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

முன்பணம் வாங்கியவர், பத்திரப் பதிவுக்குள் அதே மனையில் தன் வீட்டை எழுப்பிவிட்டால்? அதுதான் நடந்தது. 1995இல் வந்த அடுத்த உடன்பாடு, 1967 முதல் இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தது. சுமார் 60 சதவீதம் வரும் சி பகுதி முழுக்க இஸ்ரேலின் பிடியில். ஒஸ்லோ காலத்தில் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த யூதக் குடியேறிகள், இன்று ஐந்து லட்சம் அளவில் இருக்கிறார்கள்.

அடுத்தது, 2000இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் நடந்த பேச்சுவார்த்தையில் "இஸ்ரேல் அவ்வளவு கொடுத்தும் பாலஸ்தீனர்கள் மறுத்தார்கள்" என்ற பேச்சு. எதில் அவ்வளவு? மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம் மூன்றும் சேர்ந்தே பழைய பிரிட்டிஷ் பாலஸ்தீனத்தில் 22 சதவீதம்தான். அதற்குள்தான் பேரம். பரப்பளவைவிட, எல்லையும் வான்வெளியும் யார் கையில் என்பதைப் பார்க்க வேண்டும்.

இரு தரப்பையும் ஒற்றை மனிதர்களாக எண்ணுவதும் பிழை. ராபினைச் சுட்டவர் ஒரு யூதத் தீவிரவாதி. ஒஸ்லோவை எதிர்த்த பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் பேருந்துகளில் குண்டு வைத்தது. 2007இல் காசா ஹமாஸின் கைக்குப் போனது; மேற்குக் கரையின் ரமல்லாவில் பாலஸ்தீன அதிகார சபையின் ஆட்சி தொடர்ந்தது. பாலஸ்தீனர் சார்பில் கையெழுத்திடுபவர் யார் என்பதே இன்னும் தீராத சிக்கல்.

கடைசியாக, அங்கீகாரங்களை எண்ணிக்கொண்டிருப்பது. இந்தியா 1988இலேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. பிரிட்டனும் பிரான்சும் 2025 செப்டம்பரில்தான் வந்தன. அதற்கு முந்தைய மாதம், ஜெருசலேமுக்குக் கிழக்கே, ரமல்லாவையும் பெத்லகேமையும் துண்டிக்கக்கூடிய ஈ-1 நிலத்தில் சுமார் 3,400 வீடுகள் கட்ட இஸ்ரேல் ஒப்புதல் அளித்திருந்தது.