மரத்தைச் சிறிதாக்கலாம், மொட்டையடிக்கக் கூடாது

2024 ஜனவரியில் பெலால் புயல் மொரிஷியஸைக் கடந்து இரண்டு வாரத்துக்குள் எங்கள் தெருவில் நான்கு வீட்டு மரங்கள் மொட்டையாகிவிட்டன. பயம்தான் காரணம். கூரைக்கு மேல் கிளை ஆடினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? எதிர்வீட்டு அண்ணனின் மாமரத்தைச் செயின்சாவோடு வந்த ஒருவர் ஒரே மட்டத்தில் நறுக்கிவிட்டு, "இனிக் கவலையில்லை" என்று சொல்லிப் போனார். இப்போது அந்த மரம் முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது, முன்பைவிட ஆபத்தாகவும்.

கிளையை நடுவில் வெட்டி மொட்டைக் கட்டையாக விட்டால், பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகள் கொத்தாகத் துளிர்க்கும். இழந்த தழையை ஈடுகட்டும் அவசரத்தில் குச்சிகள் சரசரவென்று உயரும். ஆனால் அவை கட்டையின் மேலடுக்கில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டை உள்ளே மெல்ல உளுத்துப்போகும், குச்சிகள் மேலே தடிக்கும். நாலைந்து வருடம் கழித்து வரும் புயலில் முதலில் பிய்ந்து விழுவது அவைதான். நிழலிலேயே வளர்ந்த பட்டையும் திடீரென்று வெயில் பட்டு வெடிக்கும்.

மரத்தை உண்மையிலேயே சிறிதாக்க வேண்டுமானால், நீண்ட கிளையைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்து, அதன் பொறுப்பை ஏற்கக்கூடிய ஒரு பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். அந்தப் பக்கக்கிளை, வெட்டும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும்: 9 சென்டிமீட்டர் கிளை என்றால் 3 சென்டிமீட்டர். அதைவிட மெலிந்ததை நம்பி வெட்டினால் பழைய கதைதான். இப்படிச் செய்தால் வெட்டுவாய் தழைக்குள் மறைந்துவிடும். மரம் குட்டையானது தெரியும், வெட்டியது தெரியாது.

உச்சியை மட்டும் குறைப்பதும் தவறுதான். லிச்சியும் மாவும் குடை போன்றவை. உச்சி போனால் பக்கங்கள் பிதுங்கித் தெரியும். அதனால் சுற்றிலும் நீண்டு நிற்பவற்றை அதே வளைவில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுங்கள். ஐந்து வெட்டுக்கு ஒருமுறை இறங்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். ஏணியில் நிற்பவருக்கு மரம் தெரியாது, கிளைதான் தெரியும்.

ஒரே தடவையில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், கிழட்டு மரத்தில் இன்னும் குறைவாக. 9 மீட்டர் மரம் 6 மீட்டராக வேண்டுமா? இரண்டு மூன்று வருடம் ஆகட்டும்.

"காற்று உள்ளே புகுந்து போகட்டும்" என்று நடுவிலுள்ள சிறு கிளைகளையெல்லாம் சுரண்டி எடுப்பவர்களும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தழை நுனியில் மட்டும் மிஞ்சி, கிளை சாமரம் போல வீசி ஒடியும். அடுத்த வருடம் எந்தப் பக்கக்கிளைவரை வெட்டலாம் என்று தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது.

வெட்டும்போது கிளை தண்டோடு சேரும் இடத்திலுள்ள வீங்கிய மடிப்பை விட்டுவிட்டு, அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். காயத்தைச் சுற்றி மூடுவது அந்த மடிப்புதான். பெரிய கிளை என்றால் முதலில் அடியில் சிறு வெட்டு, பிறகு கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியாக மீதிக் கட்டை. இல்லாவிட்டால் பட்டை தண்டுவரை உரிந்து வரும். தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம், அழுகலை அது தடுக்காது. மாமரப் பால் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். மின்கம்பி அருகே இருந்தால் நீங்கள் ஏறவே வேண்டாம், மின்சார வாரியத்திடம் சொல்லுங்கள்.

காலம் தவறுவதுதான் நம் ஊரில் பெரிய தலைவலி. மாவும் லிச்சியும் முற்றிய குச்சியின் நுனியில், குளிர்காலத்தில் பூப்பவை. நம் ஊரில் ஜூன் குளிர்காலம், அப்போது வெட்டினால் பூவையே வெட்டுகிறீர்கள். பழம் பறித்த கையோடு, மா என்றால் தைப்பூசக் காவடி முடிந்த பிறகு, வேலையை வைத்துக்கொண்டால் புதுத் துளிர் குளிருக்குள் முற்றிவிடும். புயல் மாதங்களும் அவையே ஆயிற்றே என்பீர்கள். சரிதான். இந்த வருடப் புயலுக்கான கவாத்து போன வருடமே முடிந்திருக்க வேண்டும். புயலுக்கு முன் அக்டோபரில் பட்ட கிளை, ஒடிந்த கிளை மட்டும் போதும். வானிலை மையத்தின் இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்த பிறகு ரம்பத்தைத் தொடாதீர்கள். வெட்டிப் போட்ட கிளைதான் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் பறந்து போகும்.

லிச்சியைக் குடையாகவே தாழ்த்த இன்னொரு காரணமும் உண்டு. பழவௌவால்கள் பழத்தைத் தின்னாமலிருக்க வலை போட வேண்டுமே! வலைக்கு வசதி என்று தலையைத் தட்டையாக்கினால், அடுத்த பருவத்தில் நிமிர்ந்த குச்சிகள் வலையைக் குத்திக் கிழிக்கும். குடையாகவே தாழ்த்தினால் வலை வழுக்கிக்கொண்டு இறங்கும்.

எதிர்வீட்டு மாமரத்தை நானும் அண்ணனும் இப்போது மெதுவாகச் சரிசெய்கிறோம். ஒவ்வொரு கட்டையிலும் உறுதியான, வெளிப்பக்கம் சாய்ந்த ஒன்றிரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு, மீதியில் சிலதை எடுத்துச் சிலதைக் குட்டையாக்குகிறோம். அடுத்த வருடமும் அதே வேலை இருக்கிறது.